பாக்கெட் யாருடையது? வைஃபை டிரைவர் கேள்வி பதில்

வைஃபை டிரைவரில் (வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருள்) பாக்கெட், அதாவது ஒரு துண்டுத் தகவல், வந்ததும் அனுப்பியவரைத் தேடும் வேலையைக் குறைப்பது பற்றி மதுரைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மேலூர், கல்லூரி மாணவி: அண்ணா, பாக்கெட் வந்தால் மேலே அனுப்ப வேண்டியதுதானே? டிரைவர் எதைத் தேடுகிறது?

அனுப்பிய ஆளைத்தான்மா. ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை தரும் பெட்டி) ஒவ்வொரு போனுக்கும் பாக்கெட்டைப் பூட்டித் திறக்கத் தனிச் சாவி, தனி வரிசை எண் உண்டு. ஃபிரேமின் (காற்றில் வரும் பாக்கெட்டின்) தலைப்பில் இரண்டாவதாக இருக்கும் 6 பைட் முகவரிதான் அனுப்பியவர். அதை வைத்து அந்த போனின் பதிவை எடுத்தால்தான், பழைய பாக்கெட்டை யாராவது திரும்ப அனுப்புகிறார்களா என்று பார்க்க முடியும். முன்னே பின்னே வந்ததை வரிசைப்படுத்தவும் முடியும்.

வடபழஞ்சி, மென்பொருள் வேலை: அண்ணே, எங்கள் டிரைவரில் இணைந்தவர்கள் எல்லாரும் ஒரே லிங்க்டு லிஸ்டில் (ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிப் பார்க்கும் சங்கிலிப் பட்டியல்) இருக்கிறார்கள். 100 போன் சேர்ந்தால் பெர்ஃபில் (சிபியு நேரம் எதில் போகிறது என்று காட்டும் கருவி) பியரை, அதாவது இணைந்த ஆளைத் தேடும் ஃபங்ஷன்தான் முதலில் நிற்கிறது. ஹாஷ் டேபிள் (முகவரியிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு நேராக அந்தப் பெட்டிக்குப் போகும் அட்டவணை) போட்டால் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 ஜிகாபிட் வேகத்தில் 1500 பைட் பாக்கெட் 12 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று வரும். 100 பேர் லிஸ்டில் சராசரியாக 50 பேரைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு பதிவும் கேஷில் (சிபியுவுக்குப் பக்கத்து வேக நினைவகம்) இல்லாமல் ராம் வரை போனால் ஏறக்குறைய 100 நானோ செகண்ட். ஆக 5 மைக்ரோ செகண்ட் ஆளைத் தேடவே போய்விடுகிறது, அதுவும் லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் பட்டியலைத் தொடவிடும் பூட்டு) பிடித்துக்கொண்டு. லினக்ஸில் குவால்காம் வைஃபை சிப்களுக்கான ஏத்11கே டிரைவரிலும் 128 பேர் சேர்ந்தபோது இதே சிக்கல் வந்தது. 2022-இல் ஆர்ஹாஷ்டேபிளுக்கு (லினக்ஸில் உள்ள, அளவு மாறும் ஹாஷ் டேபிள்) மாற்றினார்கள். ஹாஷ் நல்ல வழிதான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள்: ஆள் யார் என்று சிப்புக்கே தெரியுமா? சாவி போட்டுப் பாக்கெட்டைத் திறந்தது சிப் என்றால் கட்டாயம் தெரியும். பல சிப்கள் டிஸ்கிரிப்டரில் (பாக்கெட்டோடு சிப் தரும் குறிப்பு) பியர் ஐடியை (இணைந்த ஆளின் எண்) எழுதியே தருகின்றன. கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் தருகிறார்கள் அல்லவா? தரிசனம் முடிந்து வந்து டோக்கனை நீட்டினால் அந்த அம்மா நேராக அந்தக் கட்டத்தில் கை வைக்கிறார். கறுப்பா, வார் அறுந்ததா என்றெல்லாம் கேட்பதில்லை. பியர் ஐடியும் அப்படித்தான். அதை இன்டெக்ஸாக வைத்து ஒரு அரே (எண் வரிசையில் அடுக்கிய பெட்டிகள்) போட்டால் தேடலே இல்லை.

கிடைத்த ஆளை வழியில் தொலைத்துவிடாதீர்கள். மேக்80211-இடம் (டிரைவருக்கு மேலே உள்ள லினக்ஸ் வைஃபை அடுக்கு) பாக்கெட்டை ஒப்படைக்கும்போது ஸ்டேஷன் பாயின்டரையும் (அந்த ஆளின் பதிவு இருக்கும் இடம்) சேர்த்துக் கொடுங்கள். நல் (வெற்று) கொடுத்தால் அது முகவரியை வைத்து மறுபடி முதலிலிருந்து தேடும். ஒரே பாக்கெட்டுக்கு மூன்று இடத்தில் தேடும் டிரைவரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு முறை தேடி, கடைசி வரை கையோடு கொண்டுபோக வேண்டும்.

தல்லாகுளம்: முகவரியின் கடைசி பைட்டையே ஹாஷாக வைக்கலாமா சார்?

மேக்80211 2015 வரை அப்படித்தான் வைத்திருந்தது, 256 பெட்டிகள். வேகமானதுதான். ஆனால் கடைசி பைட் ஒன்றாக இருக்கும் முகவரிகளை வேண்டுமென்றே உருவாக்கி ஒரே பெட்டியில் குவித்துவிடலாம். ஒரே ஆக்சஸ் பாயின்ட்டோடு பேசும் லேப்டாப்புக்கு மற்ற பெட்டிகள் வீண். அதனால்தான் ஜேஹாஷுக்கும் (முகவரி முழுவதையும் கலக்கும் ஹாஷ் கணக்கு), ஆளுக்கு ஏற்பக் கூடிக் குறையும் டேபிளுக்கும் மாறினார்கள்.

திருமங்கலம், மண்டபத்துக்கு வைஃபை போடுபவர்: இதைச் செய்தால் மண்டபத்தில் வேகம் கூடுமா?

ரவுட்டரின் சிபியு திணறினால் கூடும். சிபியு சும்மா இருந்தும் வேகம் இல்லை என்றால் நெரிசல் காற்றில் இருக்கிறது; முதலில் சேனலைப் பாருங்கள்.

உசிலம்பட்டி: கடைசியாகக் கண்ட ஆளை நினைவில் வைத்தால்?

நல்ல யோசனை. ஏ-எம்பிடியுவில் (பல ஃபிரேம்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் முறை) ஒரே ஆளிடமிருந்து 64 ஃபிரேம் வரை சேர்ந்து வரும், வைஃபை 6-இல் 256 வரை. ஆனால் ஒரு நாபி சுற்றுக்குள் (வந்த பாக்கெட்டுகளை லினக்ஸின் மையமான கெர்னல் மொத்தமாக எடுக்கும் ஒரு தடவை) மட்டும் வைத்திருங்கள். சுற்று முடிந்தால் மறந்துவிடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

வடபழஞ்சி நண்பரே மறுபடி: லாக்கை எடுத்துவிட்டேன் அண்ணே. வேகம் வந்தது, ஆனால் போன் விலகும்போது கெர்னல் விழுகிறது.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் காலை முழுக்க ஒழுங்காக ஓடியது. பந்தி முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டியை எடுத்தபோது விழுந்தது. சிபியுவின் ஒரு கோர் பதிவைப் படித்துக்கொண்டிருக்க, இன்னொரு கோர் அதை ஃப்ரீ செய்துவிட்டது (நினைவகத்தை விடுவித்துவிட்டது). லாக் போன இடத்தில் ஆர்சியு (பூட்டில்லாமல் படிக்கவிடும் லினக்ஸ் முறை) வர வேண்டும். முதலில் டேபிளிலிருந்து எடுங்கள், படிப்பவர்கள் எல்லாரும் வெளியேறும் வரை காத்திருங்கள், அப்புறம் ஃப்ரீ செய்யுங்கள். அரே வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு: விலகியவரின் ஐடி புதிதாக வந்தவருக்குப் போயிருக்கும், ஆனால் ரிங்கில் (சிப் வந்த பாக்கெட்டுகளை அடுக்கி வைக்கும் வரிசை) பழையவரின் ஃபிரேம் மிச்சம் இருக்கலாம். ஐடியால் எடுத்த பதிவின் முகவரியும் ஃபிரேமின் இரண்டாவது முகவரியும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். 6 பைட் ஒப்பீடுதான், 50 பேரைத் தாண்டும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை.