கரப்பான் பூச்சிக்கு ஜெல் வைப்பது: கேள்வி பதில்

வடசேரி: சார், ஸ்ப்ரே அடித்தால் உடனே சாகிறது. ஜெல் வைத்துவிட்டு ஏன் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

ஸ்ப்ரேயில் சாவது கண்ணில் பட்டது மட்டும்தான். மிச்சமெல்லாம் மிக்ஸிக்கு அடியிலும் அலமாரிக் கீலிலும் பத்திரமாக இருக்கும். ஜெல்லில் பூச்சிக்குப் பிடித்த இரையும், அதோடு துளியளவு ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி மருந்தும் இருக்கும். தின்ற பூச்சி உடனே சாகாது; ஒளிவிடத்துக்குத் திரும்பிப் போய்த்தான் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் குஞ்சுகளுக்கும் மருந்து போய்ச் சேரும். மெதுவாகக் கொல்வதுதான் இதன் பலம்.

மிளகு அளவில் பல பொட்டாக வையுங்கள்: சிங்க் அடியில், ஃப்ரிட்ஜ் பின்னால், கதவுக் கீலில். சமையலறையில் திரியும் சின்னப் பழுப்பு வகையின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 குஞ்சு வரை இருக்கும். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி வைக்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. ஸ்ப்ரே மருந்து பட்ட இடத்தை விட்டுப் பூச்சி விலகிவிடும், இரையைத் தொடாது.

குளச்சல்: அண்ணா, பெண் பூச்சியின் வாசனையை வைத்தே எல்லாவற்றையும் பிடிக்க முடியாதா?

அந்தச் சின்ன வகையின் வாசனைப் பொருளை 2005-இல் கண்டுபிடித்தார்கள். பிளாட்டெல்லாகுவினோன் என்று பெயர். ஆனால் அதற்கு ஆண் மட்டுமே வரும். முட்டைக்கூட்டைச் சுமக்கும் பெண் வராது. வீட்டில் பூச்சி உண்டா என்று பார்க்கப் பசைப் பொறியில் வைக்கலாம். ஒழிப்பதற்கு இரைதான் வேண்டும்.

மார்த்தாண்டம்: ஜெல் பக்கத்து வீட்டுக் கரப்பானையும் கூப்பிட்டுவிடுமே?

கூப்பிடாது. அதன் வாசனை கொஞ்ச தூரம்தான் எட்டும். அதனால்தான் ஒளிவிடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம்: வைத்த மறுநாளே பகலில் பத்துப் பன்னிரண்டு வெளியே வந்ததே, அண்ணா! முன்பு ஒன்றுகூடத் தெரியாது.

கோட்டாறு: எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஜெல்தான் இழுத்துக் கொண்டுவந்தது என்று கடைக்காரரே சொன்னார்.

மக்களே, வந்தவை புதியவை இல்லை. மருந்து நரம்பைத் தாக்கியதும் பூச்சி நிலைதடுமாறிப் பகலிலேயே வெளியே வரும். மல்லாந்து கிடந்து காலை உதறியிருக்குமே, கவனித்தீர்களா? வெளிச்சத்துக்கு வருவதே மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். சந்தேகம் தீர, ஜெல் வைக்கும் முன்பும் இரண்டு வாரம் கழித்தும் பசை அட்டை வைத்து எண்ணிப் பாருங்கள். சுவர் ஒட்டிய வீடாக இருந்தால் குழாய் நுழையும் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். பக்கத்து வீட்டாரையும் அதே நாளில் ஜெல் வைக்கச் சொல்லுங்கள்.

தக்கலை: சர்க்கரையில் போரிக் பவுடர் கலந்து வைக்கலாமா?

வேலை செய்யும். ஆனால் குளுக்கோஸ் என்ற சர்க்கரையை ஒதுக்கும் கரப்பான் கூட்டங்கள் இருப்பதை 1993-லேயே எழுதியிருக்கிறார்கள். தொடவில்லை என்றால் இரையை மாற்றிப் பாருங்கள். குழந்தை கைக்கு எட்டவே கூடாது, போரிக்கும் விஷம்தான்.

இரணியல்: ஜெல், ஸ்ப்ரே இரண்டும் சேர்த்தால் சீக்கிரம் போகுமா?

போகாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கருங்கல்: ராத்திரி மட்டும் லேசாக ஸ்ப்ரே...

வேண்டாம், ராத்திரியும் வேண்டாம். அப்போதுதான் அது இரை தேடி வரும்.

குலசேகரம்: தென்னையில் சிவப்புக் கூன்வண்டுக்கும் இப்படி வாசனைப் பொறி உண்டாமே?

உண்டு. அதற்கு ஆண், பெண் இரண்டுமே வரும். எங்கே வைப்பது என்று திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். என் துறை இல்லை.

நாகர்கோவில்: அண்ணா, தவழும் குழந்தை இருக்கிறது. ஜெல் வைக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். தரையில் எங்கும் வைக்காதீர்கள். மேல் அலமாரிக் கீலிலும் ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கத்திலும் மட்டும் பொட்டு வையுங்கள். கீழே வைத்தே ஆக வேண்டும் என்றால் மூடிய இரைப் பெட்டியாக வாங்கிச் சிங்க் மூலையில் ஒட்டிவிடுங்கள்.