கையாடல் சந்தேகம் வந்தால் தணிக்கைக் குழுவை நடத்துவது எப்படி?

கேள்வி: அரசுத் தணிக்கையில் அண்மையில் மேற்பார்வை அலுவலராகப் பதவி உயர்வு பெற்றேன். என் கீழ் ஐந்து தணிக்கையாளர்கள். ஒரு துறையின் கொள்முதல் பில்களில் கையாடல் நடந்திருப்பதாக அவர்களில் ஒருவர் சொல்கிறார். இதை எப்படி நடத்திச் செல்வது? எங்கே தவறு நேரும்?

பதில்: அவர் வாயால் சொன்னதை முதலில் ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த பில், எந்தத் தேதி, எந்த விதி மீறப்பட்டது, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று எழுத உட்காரும்போதே வெறும் ஊகங்கள் உதிர்ந்துவிடும். அதே நாளில் ஐந்து பேரிடமும், அந்தத் துறையிலோ சப்ளையர்களிலோ உறவோ கொடுக்கல் வாங்கலோ இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். பின்னால் வாங்கினால் அதற்கு மதிப்பில்லை.

சந்தேக பில்லை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கேட்ட மறுநாளே அதற்குப் பொருத்தமான சரக்கு வரவுப் பதிவு முளைத்துவிடும். அந்த மாதத்தின் எல்லா வவுச்சர்களையும், பதிவேடுகளையும் சேர்த்துக் கேளுங்கள். யார் கொடுத்தார், யார் வாங்கினார், நேரம், பக்க எண்ணிக்கை, மூலமா நகலா என்பதைப் பெறுகைப் பதிவேட்டில் இரு தரப்பும் ஒப்பமிட வேண்டும்.

மூல ஆவணத்தில் பேனா படக்கூடாது. வவுச்சரில் டிக் போட்டே பழகிய கைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். உறையின் மேல் விவரத்தை எழுதிவிட்டு, அதன்பிறகே தாளை உள்ளே வையுங்கள். தாளை வைத்துவிட்டு உறைமேல் எழுதினால் அழுத்தத் தடம் தாளில் பதிந்து, கையெழுத்து ஆய்வையே குழப்பிவிடும்.

கணினித் தரவில் இன்னும் கவனம் தேவை. கோப்பு கைக்கு வந்ததும் ஷா-256 ஹாஷ் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) எடுத்து, அந்த 64 எழுத்துகளைப் பதிவேட்டில் குறித்து, வேலையை நகலில் மட்டும் செய்ய வையுங்கள். வங்கி தந்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பத்தி பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எக்செலில் நேரடியாகத் திறப்பதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், முன்னால் உள்ள பூஜ்யமும் காணாமல் போகும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகள் ஒன்றாகத் தெரியும். சம்பந்தமே இல்லாத ஓர் ஊழியரின் பெயர் அறிக்கையில் ஏற அது போதும். கணக்கு எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வகையாகவே இறக்கச் சொல்லுங்கள்.

ஒப்புதல் வரம்பைத் தாண்டாதபடி பில்லைப் பிரித்துப் போடுவதைப் பிடிக்க ஒரு சோதனை. 50,000-க்கு மேல் போனால் மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்று விதி இருப்பதாகக் கொள்வோம். பென்ஃபோர்ட் விதிப்படி (இயல்பாகச் சேரும் தொகைகளில் எந்த இலக்கங்கள் எத்தனை முறை முன்னால் வரும் என்று சொல்லும் கணித விதி), இயல்பான 10,000 பில்களில் 49 என்று தொடங்கும் தொகைகள் 88 அளவில்தான் இருக்கும். முந்நூறு வந்தால், அவற்றைச் சப்ளையர் வாரியாக, தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே சப்ளையர், ஒரே வாரம், அடுத்தடுத்த பில் எண்கள் என்றால் அந்தக் கடைக்கு வேறு வாடிக்கையாளரே இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனாலும் இது எங்கே தோண்டுவது என்று காட்டுமே தவிர, சாட்சி ஆகாது. நிர்ணயித்த ஒரே விலையில் வாங்கும் பொருள்களுக்கும், சில நூறு பில்களுக்கும் இந்தச் சோதனை செல்லாது. குழுவில் ஒருவரை, குற்றமில்லாத காரணங்களை மட்டும் தேடும் வேலைக்கு விடுங்கள்: தவணையாகச் சரக்கு வந்ததா, அவசரக் கொள்முதலா, நிலையான விலை ஒப்பந்தமா? அவர் தோற்ற இடத்தில்தான் உங்கள் கண்டுபிடிப்பு நிற்கும்.

பணித்தாள்களை, அதாவது குழுவினர் செய்த சோதனையையும் கண்டதையும் எழுதிவைக்கும் தாள்களை, கடைசியில் மொத்தமாகப் பார்க்காதீர்கள். வாரம் இருமுறை பாருங்கள். சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 230 கேட்பதே அளவுகோல்: இதில் முன்பு தொடர்பே இல்லாத, அனுபவமுள்ள வேறொரு தணிக்கையாளர் தாளைப் படித்தே என்ன செய்யப்பட்டது, என்ன கிடைத்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வினாவும் அவர் விடையும் தேதியோடு தாளிலேயே இருக்கட்டும். தொலைபேசியில் தீர்த்துக்கொண்டது எதுவும் நாளை நிற்காது.

விளக்கம் கேட்கப் போகும்போது இருவர் போகட்டும். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. ஆவணங்களைச் சேர்த்து முடித்த பிறகே போகட்டும். “ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவோம்” என்ற பேச்சு வாயில் வரவே கூடாது.

வரைவில் ‘கையாடினார்’, ‘மோசடி செய்தார்’ என்று இருந்தால் அடித்துவிடுங்கள்; அதைத் தீர்ப்பது நீதிமன்றம். “இந்த பில்லுக்குச் சரக்கு வரவுப் பதிவேட்டில் பதிவு இல்லை, தொகை இந்தத் தேதியில் வழங்கப்பட்டது, சான்றளித்தவர் இந்தப் பதவி வகித்தவர்” என்று எழுதுங்கள். மேலிருந்து யாராவது ஒரு பத்தியை நீக்கச் சொன்னால், காரணத்தோடு எழுத்தில் தரும்படி பணிவாகக் கேட்டு, அந்தத் தாளையும் கோப்பில் சேருங்கள்.

கணக்கை முடக்குவதும் வீட்டைச் சோதனையிடுவதும் பொதுவாகத் தணிக்கையின் அதிகாரத்தில் வராது. அந்தத் தேவை வந்த அன்றே, அதிகாரமுள்ள புலனாய்வு அமைப்புக்கு அனுப்ப எழுத்தில் பரிந்துரை செய்யுங்கள். ஆவணங்களைப் பெறுகைப் பதிவேட்டின் நகலோடு, ஹாஷை மறுபடி எடுத்து ஒப்பிட்டுக் காட்டி, பக்க எண்ணிக்கைக்கு ஒப்பம் வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.