பழனி அடிவாரக் கரும்பு மண்: கேள்வி பதில்

ஆயக்குடி: ஐயா, செம்மண் தோட்டம். உரத்தில் குறை வைக்கவில்லை. கரும்பு இடுப்பளவில் நின்றுவிட்டது.

உரமூட்டையை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள். தூருக்குப் பக்கத்தில் இரண்டடிக் குழி வெட்டி, சுவரில் மேலிருந்து கீழாகக் கத்திமுனையால் குத்திப் பாருங்கள். ஓரடிக்குள் கத்தி இறங்க மறுத்து, வேரும் அங்கே மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் அது கடினத்தட்டு. வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுதால் இப்படித்தான் ஆகும். நிற்கும் பயிருக்கு வழியில்லை. அடுத்த நடவுக்கு முன் உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில், 45 செ.மீ. ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள். மண் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் தட்டு நொறுங்காது, கோடுதான் விழும். பிறகு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம்.

நெய்க்காரப்பட்டி: அண்ணா, மண் இறுக்கத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா?

முடியும். 7 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரமுள்ள இரும்புக் குழாய்த் துண்டை மண்ணில் நேராக அடித்து இறக்கி, மண் உதிராமல் தோண்டி எடுங்கள். கொள்ளளவு 385 கன செ.மீ. அந்த மண்ணை எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள் (ஆய்வகத்தில் 105 டிகிரியில் 24 மணி நேரம்). 600 கிராம் வந்தால் 600 ÷ 385 = 1.56. கன செ.மீ.க்கு இத்தனை கிராம், இதுதான் மண்ணின் அடர்த்தி. கரும்புக்கு 1.1 முதல் 1.2 வரை நல்லது, மணற்பாங்கில் 1.4 வரை பரவாயில்லை. 1.56 என்றால் மண்ணில் பாதிகூட இடைவெளி இல்லை. காற்றும் நீரும் எங்கே இருக்கும்?

தாண்டிக்குடி: மலைமேலே எங்கள் மண் பொலபொலவென்று இருக்கிறது. கரும்பு போடலாமா?

தடை மண்ணில் இல்லை, குளிரில். 20 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி படுத்துவிடும். கடித்துத் தின்ன நாலு கரணை நடுங்கள், போதும்.

பாலசமுத்திரம்: கரிசல் வயல். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து துளிர்த்த கரும்பு) பட்டுப்போனது.

வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் ஐந்தடிக் குழி எடுத்துப் பாருங்கள். அதற்குள் ஊற்று தெரிந்தால் வடிகால் இல்லாமல் கரும்பு வேண்டாம். வடிகால், கரும்பு நட்ட சால் பள்ளத்தைவிட ஆழமாக இருக்க வேண்டும். பலர் ஒரே ஆழத்தில் வெட்டிவிட்டு மழையைத் திட்டுகிறார்கள். ஈர வயலில் கரும்பு ஏற்றிய டிராக்டரையும் இறக்காதீர்கள். மறுதாம்பு வயலில் மண் இறுகுவதற்கு அந்தச் சக்கரத் தடமும் காரணம்.

கீரனூர்: மணல் நிலம். பத்து டிராக்டர் கரம்பை (குளத்து வண்டல்) அடித்தால் சரியாகுமா?

ஒரு ஏக்கரில் மேலாக உள்ள அரையடி மண்ணே சுமார் 850 டன். பத்து லோடு, லோடுக்கு மூன்று டன் என்றாலும் 30 டன். நூற்றுக்கு நாலுகூட இல்லை. அந்தக் காசில் சொட்டுநீர் போடுங்கள். தோகையைக் கொளுத்தாமல் சாலில் பரப்புங்கள். தண்ணீரைக் குறைத்து, அடிக்கடி விடுங்கள்.