வர்ணனையை விழுங்கும் கூட்ட இரைச்சல்: இதைச் செய்து பாருங்கள்

வணக்கம் நண்பரே. சேப்பாக்கம் ஆட்டத்தில் தோனி இறங்கியதும் கூட்டத்தின் சத்தத்தில் வர்ணனையே கேட்கவில்லை, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 செட் வாங்கியும் அப்பாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். செட்டில் கோளாறு இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' மோடு வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். அது எல்லா ஸ்பீக்கரிலும் எல்லாவற்றையும் கொட்டிவிடும். உங்கள் செட்டாப் பாக்ஸ் இரண்டு சேனல் ஒலிதான் தருகிறது என்றால், அதில் வர்ணனை பொதுவாக இடம் வலம் இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். கூட்டத்தின் சத்தம் இரண்டிலும் வேறுபடும். 'டால்பி சரவுண்ட்' அல்லது 'ப்ரோ லாஜிக் 2' மோடு அந்த ஒற்றுமையைப் பிடித்துக் குரலை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். அதன்பின் நடு ஸ்பீக்கரை 3 டெசிபெல் கூட்டி, பின் ஸ்பீக்கர்களை 2 குறையுங்கள். டிவியில் 'ஸ்டேடியம்' ஒலி மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள், எதிரொலி சேர்த்துக் குரலைக் கலங்கடிக்கும்.

கூட்டத்தை அடியோடு அமுக்காதீர்கள். 2020 ஐபிஎல் அமீரகத்தில் காலி மைதானங்களில் நடந்தபோது, ஒளிபரப்பில் பதிவுசெய்த ஆரவாரத்தைச் சேர்த்தார்கள். அது இல்லாமல் ஆட்டம் வெறுமையாகத்தான் இருக்கும்.

விக்கெட் விழும் நேரத்தில் அப்பாவை வழக்கமான நாற்காலியில் உட்காரவைத்துச் சோதியுங்கள். ரிசீவர் மாடலை எழுதினால் மெனு எங்கே என்று பார்த்துச் சொல்கிறேன்.