காதில் விட்ட மருந்து தொண்டையில் கசக்குமா?

என் வலது காது ஜவ்வில் ஓட்டை. டாக்டர் சொட்டு மருந்து விட்டு, "தொண்டையில் கசக்கிறதா?" என்றார். இல்லை என்றதும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டார். காதுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, கரூர்

சம்பந்தம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும்! ஜவ்வுக்குப் பின்னால் இருக்கும் நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம், தொண்டையின் மேல்பகுதிக்கு இறங்கும் யூஸ்டேஷியன் குழாய் அது. சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு கணம் திறக்கும். காற்று உள்ளே போகும். நடுக்காதின் உள்சவ்வு காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் நாள் முழுக்க இப்படி நிரப்பியாக வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் ஜவ்வு உள்பக்கம் இழுபடும், நீர் கோக்கும்.

உங்களுக்கு ஓட்டை வழியே போன மருந்து தொண்டைக்கு இறங்கவில்லை. சளியோ வீக்கமோ வழியை மறித்திருக்கலாம். இந்த நிலையில் ஜவ்வு ஒட்டினால் புது ஜவ்வும் உள்ளே இழுபடக்கூடும். டாக்டர் காத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். முதலில் மூக்கடைப்பு, அலர்ஜி இருந்தால் கவனியுங்கள்.

அப்புறம் ஒன்று. கசந்தால் குழாயில் வழி இருக்கிறது, அவ்வளவுதான். விழுங்கும்போது தானாகத் திறக்கிறதா என்பது வேறு கேள்வி. நாள்பட்ட காது நோய்க்காரர்கள் பலருக்குச் சிக்கலே அங்கேதான். அதை டிம்பனோமீட்டர் என்ற காது அழுத்தம் அளக்கும் கருவியில் அழுத்தம் வைத்துப் பார்க்கலாம். என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் மருந்து விடும் முன்பே கசக்கிறது என்றார். காலையில் கஷாயம் குடித்துவிட்டு வந்திருந்தார்.