அதே இடத்தில் கருந்திட்டு – கடிதம்

அன்புள்ள டாக்டர்,

வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் போட்டேன். வலது மணிக்கட்டில் நாணயம் அளவுக்குச் சிவந்து, எரிந்து, கறுத்துப்போனது. ஒரு வருடம் கழித்து அதே மாத்திரை போட்டதும் அதே இடத்தில் அதே திட்டு. மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம்தானே போகிறது? அந்த இடத்துக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது? ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். கறுப்பு போகுமா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்,

முதலில், அந்த மாத்திரையை இனி தொடாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதன் பெயரைச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி போட்டால் புதிய இடங்களிலும் திட்டு வரும். சிலருக்குக் கொப்புளமே கிளம்பும். மருந்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் இந்தத் திட்டைத் தோல் மருத்துவர்கள் ‘ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன்’ என்பார்கள்.

அந்த இடத்துக்கு உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறது. ஒரு முறை சந்தித்ததை நினைவில் வைத்து மறுபடி தாக்கும் வெள்ளையணுக்களான நினைவு டி செல்கள், ரத்தத்திலும் நிணநீரிலும் ஓயாமல் சுற்றுபவை என்றே வெகுகாலம் பாடம் நடத்தினோம். ஆனால் 2006-இல் பாஸ்டனில் ரேச்சல் கிளார்க் என்ற ஆய்வாளரின் குழு கணக்கிட்டபோது, வளர்ந்த ஒருவரின் தோலில் மட்டும் சுமார் 2000 கோடி டி செல்கள் இருந்தன. ரத்தத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு!

ஒரு டி செல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது நிணநீர்க்கணுவில் பயிற்சி பெறும்போதே முடிவாகிவிடுகிறது. குடலிலிருந்து வரும் டென்ட்ரிடிக் செல்கள் (டி செல்களுக்குப் பயிற்சி தருபவை) வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக்கிக் கொடுக்கும். அதைப் பெற்ற டி செல் குடலுக்குப் போகும். தோலுக்குப் போகிற செல்லுக்கு மேற்பரப்பில் சிஎல்ஏ என்ற அடையாளம். வீங்கிய தோலின் ரத்தக்குழாய்ச் சுவர் அதைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும்.

போவதைவிட அங்கேயே தங்குவதுதான் எனக்கு வியப்பு. ரத்தத்திலும் நிணநீரிலும் எஸ்1பி என்ற கொழுப்புப் பொருள் அதிகம், திசுவில் குறைவு. டி செல் அதை மோப்பம் பிடித்துத்தான் வெளியேறும். தங்கும் செல்லில் சிடி69 என்ற புரதம் அந்த மோப்ப ஏற்பியையே செல்லுக்குள் இழுத்துப் போட்டுவிடுகிறது. சிடி103 என்ற இன்னொன்று பக்கத்துத் தோல் செல்களின் ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. பிழைக்க வந்த ஊருக்கே ரேஷன் கார்டை மாற்றிக்கொண்ட மாதிரிதான்.

உங்கள் மணிக்கட்டில் இருப்பவை அப்படித் தங்கிவிட்ட சிடி8 செல்கள், அதாவது கொல்லும் வகை டி செல்கள். டோக்கியோவில் ஷியோஹாரா குழுவினர் இந்த நோயில் அவற்றை மேல்தோலின் அடி வரிசையிலேயே கண்டார்கள். மருந்து வந்ததும் சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிப் புரதத்தைக் கொட்டி, சுற்றியிருக்கும் தோல் செல்களைக் கொல்கின்றன. அப்போது சிதறும் மெலனின் என்ற நிறப்பொருள் உட்தோலுக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் கறுப்பு.

இந்த டி செல்கள் ரத்தத்துக்குத் திரும்புவது அபூர்வம் என்பதால் பரிசோதனை நார்மல் என்றே வரும். அலெம்டுசுமாப் என்ற மருந்து ரத்தத்தில் சுற்றும் டி செல்களை அநேகமாகத் துடைத்துவிடும். அதைப் பெற்ற தோல் லிம்ஃபோமா (தோலைப் பாதிக்கும் ஒரு வகைப் புற்றுநோய்) நோயாளிகளிடம் பார்த்தபோது, தோலில் குடியேறியவை அப்படியே இருந்தன. கொரோனாவுக்குப் பிறகு லேப் லேபாக ஆன்டிபாடி அளவு பார்த்து மனம் உடைந்தவர்களிடம், ரத்தத்தில் தெரிவது மட்டுமே உடம்பின் ஞாபகம் இல்லை என்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், யார் கேட்டார்கள்!

கறுப்பு மாதக் கணக்கில் மெல்ல மங்கும். க்ரீமுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆனால் நிறம் போனால் செல்களும் போய்விட்டதாக நினைக்காதீர்கள். வருடங்கள் கழித்துப் போட்டாலும் அதே இடத்தில் வரும்.