காணிக்கைப் பணம் குறைகிறது, எண்ணுபவர் மேல் சந்தேகம்: என்ன செய்வது?

முதலில், சந்தேகத்தை வாசலில் நின்று நாலு பேரிடம் பேசாதீர்கள். குருவானவரிடம் மட்டும் சொல்லுங்கள். திருடன் என்று ஒரு பெயர் சபையில் பரவிவிட்டால், அவர் நிரபராதி என்று தெரிந்த பிறகும் அது போகாது.

அப்புறம் பணம் நடக்கும் வழியைப் பாருங்கள். பீடத்திலிருந்து எண்ணும் மேசைக்குக் காணிக்கைப் பையை ஒரே ஆள் தூக்கிப் போகிறாரா? ஓட்டை அங்கேதான் இருக்கும். உறவுக்காரர்கள் அல்லாத இரண்டு பேர், ஆராதனை முடிந்த கையோடு மேசையில் கொட்டி, ஐநூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். திங்கட்கிழமை வங்கியில் கட்டிய சலானை அந்தச் சீட்டோடு மூன்றாவது ஆள் ஒத்துப் பார்க்கட்டும். எண்ணுபவர்களை மாதாமாதம் மாற்றுங்கள். ஒருவர் இல்லாத ஞாயிறுகளில் மட்டும் தொகை ஏறினால் விசாரிக்கக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அதுவே ஆதாரம் ஆகாது.

"நம்பிக்கை இல்லையா?" என்று யாராவது கோபித்தால் பைபிளில் 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். தர்மப் பண விஷயத்தில் குறை சொல்ல இடம் வரக்கூடாது என்று அப்போஸ்தலன் பவுலே தன் உடன் ஊழியர் தீத்துவுடன் வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார்.

உறுதியானால்? பொறுப்பில் ஒப்படைத்த பணத்தை எடுப்பது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடி. 5 ஆண்டு வரை சிறை. பணம் திரும்பி வந்தால் மன்னிக்கலாம், அது சபையின் முடிவு. பையை மட்டும் மறுபடி அவர் கையில் கொடுக்காதீர்கள்.